அலுவலக உருவப்படம்: ஒளி அமைப்பும் நிற்கும் விதமும் – முழுமையான வழிகாட்டி

நிறுவனத்தின் இணையதளம், லிங்க்ட்இன் பக்கம், ஆண்டறிக்கை, கருத்தரங்க அழைப்பிதழ் என ஒரே படம் பல இடங்களுக்குப் போவது தொழில்முறை உருவப்படத்தின் இயல்பு. அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர், மறுநாள் வரவேற்பறையில் அதே ஆளை நேரில் சந்திக்கும்போது தயங்காமல் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இவரிடம் நம்பிப் பேசலாம் என்ற எண்ணமும் படத்தைப் பார்த்தபோதே பிறந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஒளி விழும் விதமும் ஆள் நிற்கும் விதமுமே. கேமராவின் விலைக்கு இதில் பங்கு மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் இத்தகைய படங்கள் ஸ்டுடியோவில் எடுக்கப்படுவதைவிட அலுவலகத்தின் கூட்ட அறையில் எடுக்கப்படுவதே அதிகம். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிடைக்கும் இடத்தில் ஒளியை நிறுத்தி, வேலைக்கு நடுவே எழுந்து வரும் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி அந்தச் சூழலையே அடிப்படையாகக் கொண்டு, ஒரு ஃபிளாஷ், ஒரு சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷின் ஒளியை வெள்ளைத் துணி வழியே பரப்பி மென்மையாக்கும் பெட்டி), ஒரு தெர்மாகோல் பலகை ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறது.

அறையைத் தயார் செய்தல்

அறையின் நீளம்தான் முதலில் பார்க்க வேண்டியது. பின்னணியிலிருந்து ஆள் ஒன்றரை மீட்டர் முன்னே நிற்க வேண்டும். ஆளிலிருந்து கேமரா இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நாம் நிற்க ஒரு மீட்டராவது தேவை. ஆக, ஐந்து மீட்டர் நீளமுள்ள அறை கிடைத்தால் வசதியாக வேலை செய்யலாம். அறை குட்டையாக இருந்தால் மூலைவிட்டமாக அமைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, அறையின் விளக்குகள் அனைத்தையும் அணைத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட வேண்டும். டியூப்லைட்டின் பச்சைச் சாயலும், ஜன்னல் வழியே வரும் நீலச் சாயலும், கூரை விளக்கின் மஞ்சளும் ஒரே முகத்தில் கலந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைச் சரியாகப் பிரித்தெடுக்க முடியாது. சுவரின் நிறமும் முகத்தில் ஏறும். ஆரஞ்சு வண்ணம் பூசிய சுவருக்கு அருகே ஆளை நிறுத்தினால், அந்தப் பக்கக் கன்னம் ஆரஞ்சாகவே பதியும். அந்தச் சுவரை வெள்ளை அல்லது கறுப்புத் துணியால் மறைப்பதே வழி.

ஏசியை அரை மணி நேரம் முன்னதாகவே ஓடவிடச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறி வருபவரின் நெற்றி வியர்வை அடங்க நேரம் வேண்டும். ஆனால் கருவிகளுக்கு ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த காரிலிருந்து இறங்கிச் சென்னையின் ஈரக் காற்றில் கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸின் மீது நீராவி படியும். பையைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்திருந்து, வெப்பநிலை சமமான பிறகு எடுக்க வேண்டும்.

கேமராவும் லென்ஸும்

முகத்தின் வடிவம் இயல்பாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் கேமரா நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், காதைவிட மூக்கு கேமராவுக்கு மிக நெருக்கமாகிவிடுவதால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். செல்ஃபிகளில் முகம் மாறித் தெரிவதற்குக் காரணம் இதுதான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இந்த வேறுபாடு அடங்கி, எதிரே அமர்ந்து பேசுபவருக்குத் தெரியும் முகமே படத்திலும் பதியும். அந்தத் தூரத்திலிருந்து தலையும் தோளும் படச்சட்டத்தை நிறைக்க, பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவில் 85 முதல் 105 மி.மீ. லென்ஸ் பொருந்தும், சிறிய சென்சார் கேமராவில் 56 அல்லது 60 மி.மீ. போதும்.

கேமராவை, அளவுகளை நாமே அமைக்கும் மேனுவல் நிலையில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/160 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 என்று தொடங்கலாம். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு சோதனைப் படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வந்தால் அறையின் ஒளி படத்தில் கலக்கவில்லை என்று பொருள். ஏதேனும் தெரிந்தால், எந்த விளக்கோ ஜன்னலோ மிச்சம் இருக்கிறது என்று தேடி அடைக்க வேண்டும். ஷட்டர் வேகத்தைக் கேமராவின் ஃபிளாஷ் ஒத்திசைவு எல்லைக்கு மேல் ஏற்றக்கூடாது. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

தலையும் தோளும் மட்டும் எடுக்கும்போது லென்ஸ் கண் உயரத்திலோ அதைவிட இரண்டு விரற்கடை மேலேயோ இருக்கட்டும். இடுப்புவரை எடுக்கும்போது நெஞ்சு உயரத்துக்கு இறக்கலாம். குவியம் (படம் கூர்மையாகப் பதியும் இடம்) கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்க வேண்டும்.

முதன்மை ஒளி

இந்த வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 90 முதல் 120 செ.மீ. அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸை, அதன் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமான தூரத்தில், ஆளின் முகத்துக்கு 45 பாகை பக்கவாட்டில் நிறுத்துங்கள். அதன் நடுப்பகுதி கண்ணைவிடச் சற்று உயரத்தில் இருந்து, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். ஒளி மூலம் முகத்தை நெருங்க நெருங்க, முகத்தின் பார்வையில் அது பெரிதாகிறது. பெரிதாக ஆக, நிழலின் ஓரம் மென்மையாகிறது. அதே சாஃப்ட்பாக்ஸை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால், வெறும் விளக்கு அடித்ததுபோல் நிழல் கடினமாகிவிடும்.

நிறுத்திய பிறகு முகத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, மூக்கின் நிழல். அது சிறு வளைவாகக் கன்னத்தில் சாய்ந்து, வாயின் ஓரத்தை நோக்கி விழ வேண்டும், மேலுதட்டைத் தொடக்கூடாது. இரண்டாவது, கருவிழியில் விழும் ஒளிப்பொட்டு. கடிகார முகப்பில் பத்து அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் அது தெரிந்தால் உயரம் சரி. ஒளிப்பொட்டே தெரியவில்லை என்றால் ஸ்டாண்ட் உயரமாகிவிட்டது. புருவ எலும்பின் நிழல் கண்ணை மூடியிருக்கும். கண்கள் சற்று உள்வாங்கிய முகங்களில் இது சட்டென்று நேரும் என்பதால், அவர்களுக்கு மட்டும் ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

ஒளியை மேலும் பக்கவாட்டில் நகர்த்தினால், மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு சேர்ந்து, நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரு சிறிய ஒளி முக்கோணம் உண்டாகும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு இது. நிறுவனர்கள், வழக்கறிஞர்கள் போன்றோரின் தனிப் படங்களுக்கு இது கனம் சேர்க்கும். ஐம்பது பேரின் படங்களை வரிசையாக அடுக்கும் பக்கத்துக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. ஒளியைக் கேமராவுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் மூக்கின் அடியில் மட்டும் சிறு நிழல் விழும். 1930களின் ஹாலிவுட் நட்சத்திரப் படங்களில் பெயர்பெற்ற முறை இது. இதில் கன்ன எலும்புகள் எடுப்பாகத் தெரியும். வட்ட முகங்களை இன்னும் அகலமாகவும் காட்டிவிடும்.

எந்தப் பக்கத்திலிருந்து ஒளி தருவது என்பதற்குப் பொது விதி கிடையாது. முகத்தின் இரு பாதிகளும் யாருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துப் பார்த்து, கண் அகலமாகத் தெரியும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முகம் சற்றுத் திரும்பியிருக்கும்போது கேமராவுக்குக் குறைவாகத் தெரியும் கன்னத்தின் மீது ஒளி விழும்படி அமைத்தால் முகம் மெலிந்தும் ஆழமாகவும் தெரியும். அகலமாகத் தெரியும் கன்னத்தின் மீது விழச் செய்தால் முகம் நிறைவாகத் தெரியும். ஒட்டிய கன்னமுடையவர்களுக்கு இரண்டாவது முறை அழகு தரும்.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கையும் மனத்தில் வைத்திருப்பது பயன்படும். ஒளியின் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. சாஃப்ட்பாக்ஸ் ஒரு மீட்டரில் இருக்கும்போது ஆள் 20 செ.மீ. பின்னே நகர்ந்தால் முகத்துக்கு வரும் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

நிழலைத் திறப்பது

தமிழ்த் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் தலைமுறைகளாகக் கைகொடுத்துவரும் தெர்மாகோல் பலகைக்கு இணையான, ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் அலுவலக உருவப்படத்துக்கும் இல்லை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும், மலிவான, மென்மையான வெள்ளை. நிழல் பக்கத்தில், படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, முகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் அதை நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒளிப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி) வேறுபாடு இருக்கும்போது முகம் நட்பாகவும், இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) இருக்கும்போது இறுக்கமாகவும் தெரியும். ஆண்களுக்கு ஆழ்ந்த நிழல், பெண்களுக்கு நிழலற்ற ஒளி என்று பிரித்து எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் பக்கத்தில் அது ஆண்களுக்கு அதிகாரத்தையும் பெண்களுக்கு அழகையும் பங்கிட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடுவதால், அதைக் கைவிட வேண்டும். முகத்தின் அமைப்பைப் பார்த்து நிழலைத் தீர்மானிப்பதே முறை.

பின்னணிக்கு நடுத்தரச் சாம்பல் நிறக் காகிதமோ துணியோ போதும். அதன் மீது தனி ஒளி அடித்தால் வெளுக்கும். ஒளி படாமல் தள்ளி வைத்தால் கறுக்கும். நம் ஊரில் பெரும்பாலோருக்குக் கூந்தல் கறுப்பு என்பதால், இருண்ட பின்னணியில் தலையின் விளிம்பு கரைந்துபோகும் ஆபத்து உண்டு. பின்னணியின் நடுவில் ஒரு சிறிய ஃபிளாஷால் ஒளி வட்டம் ஒன்றை உண்டாக்குவது எளிய தீர்வு. பின்பக்கத்திலிருந்து தலைமுடிக்கு ஒளி தருவது இன்னொரு வழி. அந்த ஒளி லென்ஸுக்குள் நேரே பாயாதபடி தடுக்க வேண்டும். வழுக்கைத் தலையுள்ளவருக்கு இந்த ஒளியை அணைத்துவிடுங்கள்.

தோலின் நிறம்

இங்கே சற்று நிதானித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிலிம் காலத்தில், வண்ணப் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டை வந்தது 1990களில்தான். எது சரியான தோல் நிறம் என்ற அளவுகோல் அப்படித் தொடங்கியது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் முகத்தைக் கேட்காமலே வெளுக்கவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கறுத்த, மாநிறமான முகங்களை அவற்றின் நிறத்திலேயே, ஒளிரும்படி எடுப்பது முழுக்க முழுக்க ஒளியமைப்பின் வேலை; அதைத் திருத்தும் கட்டத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

கேமராவின் தானியங்கி அளவீடு, எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கருதிக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்த கறுத்த மனிதரை எடுக்கும்போது அது சட்டையைப் பார்த்து ஒளியைக் குறைத்து, முகத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே, கையில் பிடிக்கும் ஒளிமானியை முகத்துக்கு அருகே பிடித்து அளந்துகொள்ளுங்கள். அது இல்லையென்றால், சாம்பல் அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒளியளவையும், வெள்ளை வெள்ளையாகவே பதியச் செய்யும் வெண்சமநிலையையும் நிலைநிறுத்துங்கள். சட்டையின் வெள்ளை, மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போகிறது என்றால், சாஃப்ட்பாக்ஸைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, அதன் கீழ் ஓரம் மட்டும் மார்பில் படும்படி செய்யலாம். முகத்துக்கு வரும் ஒளி பெரிதாகக் குறையாது.

கறுத்த தோலின் வடிவத்தை நமக்குக் காட்டுவது அதன் மீது படரும் பளபளப்பு. நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு ஆகியவற்றில் அகலமான, மெல்லிய பளபளப்பு படரும்போது முகம் உயிர்பெறுகிறது. அதற்குப் பெரிய ஒளி மூலம் வேண்டும். சிறிய விளக்கு அதே இடங்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். முகத்தில் எண்ணெயும் வியர்வையும் இருந்தால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்த்தால் சிவந்துவிடும். பவுடர் பூசச் சொல்ல வேண்டாம். ஃபிளாஷ் ஒளியில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

கண்ணாடி, நகை, திருநீறு

கண்ணாடியில் தெறிக்கும் ஒளியைத் தவிர்க்க, படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடமே போதும். சாஃப்ட்பாக்ஸை இன்னும் உயர்த்தி, இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால், மீளும் ஒளி கேமராவுக்கு வராமல் கீழே போய்விடும். அதுவும் போதாவிட்டால், கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னால் வில்லைகள் கீழ்நோக்கிச் சாயும். படத்தில் அது தெரியாது. வெயிலில் கறுக்கும் வில்லை அணிந்தவர் வெளியிலிருந்து வந்தால், அது தெளியும்வரை சில நிமிடங்கள் அறைக்குள் உட்காரவையுங்கள்.

பட்டுப் புடவையின் சரிகையும் மூக்குத்தியும் பெரிய ஒளியில் அமைதியாக மின்னும். கூடுதல் கவனம் வேண்டியதில்லை. திருநீறு, திருமண், குங்குமம், நெற்றித் தழும்பு, மச்சம் ஆகியவை அவரவர் அடையாளங்கள். கேட்காமல் எதையும் அழிக்கச் சொல்லவோ, பிறகு கணினியில் நீக்கவோ கூடாது. நெருக்கமான கட்டங்கள் போட்ட சட்டை மட்டும் சிக்கல் தரும். சென்சாரில் அலையலையாக வண்ணக் கோடுகள் தோன்றும் என்பதால், ஒற்றை நிற உடை அணிந்துவரும்படி முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

நிற்கும் விதம்: காலிலிருந்து தொடங்குங்கள்

முகத்தை மட்டுமே எடுத்தாலும், நிற்கும் விதம் பாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரு கால்களிலும் சமமாக எடை வைத்து, கேமராவை நேராகப் பார்த்து நின்றால் அது பாஸ்போர்ட் படமாகவே முடியும். உடலை 30 முதல் 45 பாகை திருப்பி, பின்னங்காலில் எடையை வைக்கச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து மிகச் சிறிதளவு முன்னே சாயச் சொல்லுங்கள். கேட்கத் தயாராக இருப்பவரின் தோற்றம் அதில் கிடைக்கும். ஒருமுறை தோள்களைக் காதுவரை உயர்த்தி, மூச்சை விட்டபடியே கீழே போடச் சொன்னால், இறுக்கம் தளர்ந்து கழுத்து நீளும்.

அடுத்தது தாடை. கேமராவைக் கண்டதும் பெரும்பாலோர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதால் கழுத்தில் மடிப்பு விழுகிறது. “சார், ஜன்னல்ல எட்டிப் பாக்கற மாதிரி முகத்தை மட்டும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க, இப்ப முகவாயை ஒரு துளி இறக்குங்க” என்று இரண்டு படியாகச் சொன்னால், எண்பது வயதுக்காரருக்கும் விளங்கும். பக்கவாட்டில் நிற்பவருக்கு இது விசித்திரமாகத் தெரியலாம்; கேமராவிலோ தாடையின் கோடு கூர்மையாக வரும். இடது, வலது என்று சொல்லிக் குழப்புவதைவிட, நீங்களே கண்ணாடியில் தெரியும் உருவம்போல் நின்று காட்டுவது விரைவாக வேலை முடியும் வழி.

புடவை அணிந்தவர் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முந்தானை தீர்மானிக்கட்டும். பெரும்பாலோர் முந்தானையை இடது தோளில் அணிவதால், அவர் தம் வலப்பக்கம் சற்றுத் திரும்பினால் இடது தோள் கேமராவுக்கு முன்னே வரும். மடிப்புகள் தோளிலிருந்து நேர்கோடாக இறங்கித் தெரியும். மடிப்புகளை ஊசி குத்திச் சீராக வைத்திருப்பது நல்லது. முந்தானையோ காலரோ கலைந்திருந்தால் அவரிடமே சொல்லிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும், அல்லது உடன் பணிபுரியும் பெண் ஒருவரின் உதவியைக் கேட்க வேண்டும். புகைப்படக்காரர் கையால் தொட்டுத் திருத்தக்கூடாது.

கோட்டு அணிந்தவர் நிற்கும்போது மேல் பொத்தானைப் போட்டும், உட்காரும்போது கழற்றியும் இருக்கட்டும். உட்காரவைத்தால் ஸ்டூலின் முன் விளிம்பில் அமரச் சொல்லி, கோட்டின் பின்பகுதியை இழுத்து அதன் மேலேயே உட்காரச் சொல்லுங்கள். தோளில் துணி புடைக்காது. கைகட்டி நிற்பவரின் விரல்கள் கைக்கு அடியில் மறைந்தால் முறைப்பாகத் தெரியும். ஒரு கையின் விரல்களாவது மேலே தளர்வாகத் தெரியட்டும். மூத்தவர்கள் பலருக்குக் கேமராவின் முன் கைகட்டி நிற்பது பணிவின் பழக்கமாக வரும். அவர்களை ஒரு நாற்காலியின் முதுகில் கைவைத்து நிற்கச் சொன்னால் இயல்பாகிவிடுவார்கள்.

முகபாவம்

சிரிக்கச் சொன்னால் வாய் மட்டுமே சிரிக்கும். கண்ணின் கீழிமை சற்றே உயரும்போதுதான் உண்மையான சிரிப்பு தெரிகிறது. ஆகவே, கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்று பேசுங்கள். அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்லி முடித்து வாய் மூடும் அந்த நொடியில் எடுத்த படம் பெரும்பாலும் தேர்வாகும். இறுகிப்போனவரிடம், கண்களை மூடி, மூச்சை விட்டு, நான் சொல்லும்போது திறவுங்கள் என்று சொல்லலாம். பத்துப் படங்கள் எடுத்ததும் மடிக்கணினியில் அவரிடமே காட்டுங்கள். தம் படத்தில் எது பிடிக்கவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு எடுக்கும் படங்கள் எப்போதும் மேம்பட்டவையாக இருக்கும்.

ஃபிளாஷ் இல்லாத இடங்களில்

ஜன்னல் ஒளியிலும் நல்ல அலுவலகப் படம் எடுக்கலாம். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று வெளிநாட்டுப் பாடங்கள் சொல்வதைச் சென்னையில் அப்படியே நம்பக்கூடாது. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் சூரியனும் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மார்ச் முதல் செப்டம்பர்வரை காலை மாலை வெயில் வடக்கு ஜன்னலில் சாய்வாக எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிட்டால் அதுவே பெரிய சாஃப்ட்பாக்ஸ்.

தொழிற்கூடத்தில், இயந்திரங்கள் பின்னணியில் தெரிய எடுக்கும்போது அங்குள்ள விளக்குகளை அணைக்க முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் படத்தில் பட்டைகள் விழாமல் இருக்கும். இங்கே முகத்துக்கு ஃபிளாஷும் சேர்த்தால், ஷட்டர் பின்னணியின் ஒளியையும், அப்பர்ச்சர் முகத்தில் விழும் ஃபிளாஷையும் கட்டுப்படுத்தும்.

திருத்தமும் ஒப்படைப்பும்

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள். இரண்டு வாரத்தில் மறைந்துபோகும் பருவையும் கீறலையும் நீக்கலாம். ஆண்டுக்கணக்கில் கூடவே இருக்கும் மச்சத்தையும் சுருக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தைப் பாதியளவு தணிப்பதோடு நிறுத்துங்கள். தோலின் நிறத்தைத் திரையில் சரிபார்க்க, சாம்பல் அட்டையோடு எடுத்த படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன் போன்ற தளங்கள் படத்தை வட்டமாக வெட்டுவதால், தலைக்கு மேலும் தோள்களின் இரு பக்கமும் இடம் விட்டு, இணையத்துக்கு ஏற்ற எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் ஒரு சதுர ஜேபெக் கோப்பும், அச்சுக்கு முழு அளவுக் கோப்பு ஒன்றும் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: பின்னணியிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து கேமராவுக்கும் சாஃப்ட்பாக்ஸுக்கும் உள்ள தூரம், ஸ்டாண்டின் உயரம், ஃபிளாஷின் அளவு, லென்ஸ், அப்பர்ச்சர். அறை முழுதும் தெரியும்படி கைபேசியில் ஒரு படமும் எடுத்து அதோடு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை எடுக்க அழைப்பு வரும்போது, அவர்களின் படங்கள் பழைய வரிசையில் பிசிறில்லாமல் சேர அந்தத் தாள் போதும்.